கோப்பி சி கொசோங் பெங்

நான்காவது வரியில் நின்றுவிட்டது நஸ்ரினின் பேனா.
மூளையின் மேசை சிறிது,
நாலு தம்ளருக்கு மேல் வைத்தால் ஒன்று விழும்
என்று நானே படித்திருந்தும்
சிவப்பில் எழுதினேன்: கவனக்குறைவு.

சனிக்கிழமை, ஈசூன் கோப்பிக்கடை.
அடுப்பைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள்:
"கோப்பி சி கொசோங் பெங்! தே ஓ ரெண்டு!"
பன்னிரண்டு மேசை. கையில் துண்டுச்சீட்டு இல்லை.
பால் உண்டு, சீனி இல்லை, ஐஸ் உண்டு
எல்லாம் அவள் நாவில்
ஒரே சொல்லாகப் பிணைந்திருந்தன.

திங்களன்று
சல்பேட்டைப் பலகையில் தம்ளராக வரைந்தேன்.
உள்ளே கந்தகம் ஒன்று, ஆக்சிஜன் நாலு.
பிரிக்காதே, அப்படியே தூக்கு.

கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"ரெண்டு அலுமினியம் உட்கார்ந்த மேசைக்கு
மூணு தம்ளரா, சார்?"

சிவப்பு மையை
எதைக்கொண்டு அழிப்பது?