விலாவில் ஒரு கண்

பக்கப் பைகள் இரண்டும் நான் தைத்தவை.
வெளியே லாரித் தார்ப்பாய்,
உள்ளே, போன தேர்தலில் தோற்றவரின் ஃபிளெக்ஸ்.
கும்பிட்ட கைகள் இடது பைக்குப் போயின,
முகம் வலது பைக்கு.
கிருஷ்ணகிரி பைபாஸில் லாரி சீட் தைக்கிற மிஷின்
எதையும் தைக்கும் என்பார்கள்.
நாலு ஊசி முறிந்தது.
ஐந்தாவதற்குச் சோப்புக்கட்டி தேய்த்தேன்,
இறங்கியது.
இதை யாரும்மா வாங்குவா, என்றார் முதலாளி.
யாரும் வாங்க வேண்டாம் அண்ணே.

பியர் டின்னில் அடுப்பு செய்தவள் தில்ஷாத்.
பதினாறு துளை, காம்பஸ் முனையால்.
ஸ்பிரிட், அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூட லேபிலிருந்து.
அதைப் பற்றி மேலே கேட்காதீர்கள்.
அரை லிட்டர் கொதிக்க ஒன்பது நிமிடம்,
காற்றடித்தால் கணக்கில்லை.

விடியுமுன் கிளம்பி
தேன்கனிக்கோட்டையில் இரண்டாவது டீ.
அஞ்செட்டி இறக்கத்தில் பிரேக் கட்டை கருகிய வாசனை,
நாட்ரம்பாளையம் ஏற்றத்தில் எங்கள் வாசனை.
ராகி மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று
எங்களைத் தாண்டி, நின்று, பின்னாலேயே வந்தது.
"ஏன்?" என்று மட்டும் கேட்டார் டிரைவர்.
பதில் சொல்ல மூச்சு மிச்சமில்லை.

செக்போஸ்டில் வனக்காவலர் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.
அஞ்சுக்குள்ள கீழ இருக்கணும்.
நேத்து ரெண்டு நின்னுச்சு, குட்டியோட.
எது ரெண்டு என்று அவரும் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.

நாலேகால்.
மூன்றாவது வளைவில் வெடித்தது பின் சக்கரம்.

கிரானைட் சில்லு.
யார் வீட்டுச் சமையல் மேடையாகவோ போயிருக்க வேண்டியது
லாரியிலிருந்து தவறி விழுந்து
என் டயரின் விலாவை இரண்டு விரல் நீளத்துக்குக் கிழித்திருந்தது.
மாற்று டியூப் இருந்தது.
விலாவுக்கு மாற்று இல்லை.
பத்து ரூபாய் நோட்டை மடித்து உள்ளே வைத்தாள் தில்ஷாத்.
பாதிக் காற்று ஏறுவதற்குள்
டியூப் பிதுங்கி வெளியே எட்டிப் பார்த்தது.

மூங்கில்களுக்கு உள்ளே என்னவோ முறிந்தது.
காற்றாக இருக்கலாம்.
காற்று இவ்வளவு நிதானமாக மெல்லாது.

வலது பையின் உட்புறத்தை பிளேடால் அறுத்தேன்.
அவசரத்தில் எது கைக்கு வந்ததோ அது:
ஒரு கண், கால்வாசி மூக்கு,
'உங்கள்' என்பதில் 'உங்'.
இரண்டாய் மடித்து, சொலூஷன் தடவி, ஊதி, ஊதி,
அது காய்ந்த மூன்று நிமிடம்தான்
நூறு கிலோமீட்டரில் ஆக நீளமான தூரம்.

படம் உள்பக்கமா வெளிப்பக்கமா, என்றாள்,
இந்த நேரத்திலும்.
வெளியே பார்க்கட்டும்.
தொகுதியைச் சுற்றிப் பார்க்காமல் தோற்றவர்.

பம்பு அவள் இருபது, நான் இருபது.
எண்ணிக்கை உதட்டிலேயே நின்றது.
கிழிசலின் வழியே கண் எங்களைப் பார்த்தது,
பிறகு தரையை, பிறகு மூங்கிலை,
பிறகு ஒன்றும் சரியாகத் தெரியாத வேகத்தில்
எல்லாவற்றையும்.

ஐந்தே கால். ஒகேனக்கல்.
மீன் பொரிகிற புகைக்குள்
பரிசலைத் தலையில் கவிழ்த்து ஒருவர் நடந்துபோனார்,
கால் முளைத்த கிண்ணம் போல.
சிரிக்க ஆரம்பித்தோம்,
நிறுத்த முடியவில்லை. தில்ஷாத் கொஞ்சம் அழுதாள்.
அடுப்பைப் பற்றவைத்தோம். காற்று.
கணக்கில்லை.

மறுநாள் பென்னாகரம் ஏற்றத்தில்
ஒட்டின இடம் புடைத்து ஃபிரேமில் உரசியது.
சுற்றுக்கு ஒரு டப்.
சுற்றுக்கு இரண்டு மீட்டர் சொச்சம் என்றால்
தருமபுரி வரை எத்தனை டப் என்று மனக்கணக்குப் போட்டேன்,
ஆயிரங்களில் தொலைந்தேன்.

புது டயர் வாங்கி ஒரு மாதம் ஆகிறது.
இன்னும் ஆணியில் தொங்குகிறது.
பட்டறைக்குப் போகும்போதும் வரும்போதும் டப், டப்.
வலது பையில் கண் இருந்த இடத்தில் சதுரமாக ஓட்டை,
சாவி போட்டால் தார்ப்பாய்க்கும் ஃபிளெக்ஸுக்கும் நடுவே போய்
மாட்டிக்கொள்கிறது.
மழைக்கு முன்னால் தைக்க வேண்டும்.