வலது கால்

லாட்வியாவின் ரெசெக்னே நகரில், ஐந்தாம் மாடியில்,
என் குளியலறைக் கம்பியில்
வில்னிஸின் வலது கால் தொங்குகிறது.

பயப்படாதீர்கள். கால்சட்டையின் கால்தான்.
பழுப்பு நிறக் கார்டுராய்.
தொடைக்கு மேலே வெட்டி,
கணுக்காலில் சணல் கயிற்றால் முடிந்தது.
ஆள் நோர்வேயில் இருக்கிறான்,
சால்மன் மீனுக்கு முள் உருவிக்கொண்டு,
இரண்டு காலோடும் முழுசாக.

பிளாஸ்டிக் பை வாங்கியிருக்கலாம்.
நாற்பது சென்ட்தான்.
அன்றிரவு அவன் போனை எடுக்கவில்லை.
கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

வைக்கோல், முயல் வளர்ப்பவர்கள் வாங்கும் கடையில்.
விரல் நீளத்துக்கு நறுக்கி,
ஊறுகாய்க்கு வெள்ளரி போடும் பெரிய பானையில்
ஒரு மணி நேரம், வெந்நீரில்.
கொதிக்கவே கூடாது; கொதித்தால் நல்லதும் செத்துப்போகும்.
ஆறிவிட்டால் கெட்டதும் பிழைத்துக்கொள்ளும்.
எழுபதிலேயே நில், எழுபதிலேயே நில் என்று
அடுப்பைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.
கீழ்வீட்டு ஸினைதா கதவைத் தட்டினாள்:
"குதிரை கிதிரை வாங்கிட்டியா?"

பிறகு பிழிய வேண்டும்.
கைப்பிடியை இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு.
ஓடினால் ஈரம் அதிகம்.
தபாலில் வந்த சிப்பிக்காளான் வித்தை,
வெள்ளை பூத்த கோதுமையை,
ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு பிடி வித்து என்று
தொடை வரை திணித்தேன்.

இடது காலை நிரப்பும்போது
கை கழுவவில்லை.
பன்னிரண்டாம் நாள் தொடையில் பச்சைப் பூசணம்.
அந்தக் காலையே கை கழுவ வேண்டியதாயிற்று.
இரவு பதினொன்றரைக்கு அதைத் தோளில் போட்டுக்கொண்டு
குப்பைத் தொட்டிக்கு இறங்கினேன்.
மூன்றாம் மாடி நாய் குரைத்தது.
கொலைகாரிகள் எப்படித்தான் தூங்குகிறார்களோ.

வலது கால் தேறியது.
இருட்டு அலமாரியில் மூன்று வாரம்.
தடவிப் பார்த்தால் துணிக்குள் சதை வைத்ததுபோல் கெட்டி,
லேசான சூடு. சத்தியமாக, சூடு.
முழங்காலில் ஒரு கீறல் போட்டு
வெளிச்சத்தில் தொங்கவிட்டேன்.
ஐந்தாம் நாள் குண்டூசித் தலைகள்.
ஆறாம் நாள் பட்டாணி.
எட்டாம் நாள் பல் தேய்க்க நுழைந்தால்
முழங்காலில் சாம்பல் நிறக் காதுகள் ஒரு கொத்து,
ஒன்றன் மேல் ஒன்று ஏறி
ஒட்டுக்கேட்டபடி.

அப்போதுதான் போன்.
ஆர்வீட்ஸ் செத்துப்போனான், வில்னிஸின் சித்தப்பா மகன்.
"வெள்ளிக்கிழமை வரேன். அந்தப் பழுப்பை இஸ்திரி போட்டு வை."
கறுப்பு போட்டுக்கொள்ளேன் என்றேன்.
பழுப்புதான் வேண்டும், அது ஆர்வீட்ஸோடு போய் வாங்கியது என்று
ஒற்றைக் காலில் நின்றான்.
என்னிடம் இருந்ததும் ஒற்றைக் கால்தான்.

பெட்டியைக் கூடக் கீழே வைக்காமல்
குளியலறை வாசலில் நின்றான்.
வெகுநேரம்.
பிறகு கிட்டப் போய், கன்றுக்குட்டியின் காதைத் தொடுவதுபோல்
ஓரத்து மடலைத் தொட்டான்.
"வலிக்குதா?" என்று கேட்டுவிட்டேன்.
சிரித்தான். சிரித்துக்கொண்டே
கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்து அழுதான்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
வெண்ணெயில் வெங்காயத்தோடு வதக்கி
புளித்த பாலாடை ஊற்றிக் கொடுத்தேன்.
தட்டை ரொட்டியால் துடைத்தான்.

ஸினைதா வீட்டில் இரவல் வாங்கிய கால்சட்டை
நாலு விரற்கடை குட்டை.
குழியோரம் குனிந்து மூன்று பிடி மணல் போட்டபோது
நீலக் காலுறை தெரிந்தது.
ஆர்வீட்ஸ் பார்த்திருந்தால்
வயிறு வலிக்கச் சிரித்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டான்.
அவன் சவரம் செய்யும் கண்ணாடியில்
காளான் உதிர்த்த வெள்ளைத் தூள், மெல்லிசாக.
துடைக்க வேண்டும்.

இரண்டாம் காய்ப்பு சிறியது,
கணுக்கால் பக்கமாக எட்டிப் பார்க்கிறது.
காலையில் காலை நனைக்கிறேன், மாலையிலும்.
இப்போதெல்லாம் போனை உடனே எடுக்கிறான் என்றால் பொய்.
நாலாவது மணியில் எடுக்கிறான்.
"கால் எப்படி இருக்கு?" என்கிறான்.
"தண்ணி கேக்குது" என்கிறேன்.