எலி மருந்து

"எலிக்கு மருந்து வேணும்" என்றேன்.
"கேக்கா, பசை அட்டையா?"
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை மணவாளன்.
அயனாவரத்தில் இரவு பதினொன்றரைக்கும்
ஷட்டர் பாதி திறந்திருக்கும் கடை.

"கொல்றதுக்கு இல்ல."

இப்போது திரும்பினார்.
அவர்மேல் பிழையில்லை.
தலைவலி மருந்து தலைவலியைத் தீர்க்கும்
இருமல் மருந்து இருமலைத் தீர்க்கும்
அதே இலக்கணப்படி
எலி மருந்து எலியைத் தீர்க்கும்.

செருப்பு டப்பாவின் மூடியை
ஒரு விரல் அகலம் நகர்த்திக் காட்டினேன்.
வெள்ளை. சிவந்த கண். பெயர் ஜவ்வரிசி.
பாம்புக்கு என்று கொளத்தூரில்
கூறுபோட்டு விற்றவனிடமிருந்து
அறுபது ரூபாய்க்கு வாங்கிவந்தது.

கத்திரி தொடங்கி ஒன்பதாம் நாள்.
மதியம் போன கரண்ட் வரவில்லை.
லேப் முடிந்து நான் கதவைத் திறந்தபோது
தரையோடு தரையாக விரிந்து கிடந்தாள்.
வாலைத் தொட்டேன், சுட்டது.
எலிக்கு வியர்க்காது.
அதற்குள் ஏறிய வெயில்
பெரும்பாலும் அந்த வால் வழியாகத்தான்
இறங்கிப் போக வேண்டும்.

ஐஸ் தட்டை எடுத்தேன்.
திரும்ப வைத்தேன்.
சட்டென்று குளிர்ந்தால் சின்ன உடம்பு தாங்காது,
பானைத் தண்ணீர் போதும்.
நனைத்துப் பிழிந்த கைக்குட்டையால்
பாதம், காது, வால்.
மறுபடி வால்.
வாயில் மட்டும் ஊற்றவில்லை,
மயங்கிக் கிடப்பதற்கு ஊற்றினால்
தண்ணீர் நுரையீரலைத் தேடிப்போகும்.
காலண்டர் அட்டையால் விசிறினேன்.
மே மாதத்துக்கு
அன்றுதான் ஒரு உபயோகம்.

மீசை அசைந்தது.
பிறகு கண்ணோரம் சிவப்பாக ஒரு கோடு.

தினம் இருநூறு குழாய் ரத்தம் பார்ப்பவள் நான்.
இது ரத்தமில்லை என்று தெரியும்.
தெரிந்தும் கை நடுங்கியது.

"நோட்டு பார்க்கிற விளக்கைக் கொஞ்சம் போடுங்க."
துடைத்த பஞ்சை அதன் கீழே நீட்டினேன்.
ஊதா வெளிச்சத்தில்
ரோஸ் நிறமாக எரிந்தது பஞ்சு.
ரத்தம் அப்படி எரியாது.
மணவாளன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.
"கள்ள ரத்தம்" என்றார்.

கள்ளம்தான்.
ஆனால் உடம்பு படும் பாடு அதிகமானால்தான்
எலி இந்தக் கண்ணீரை அச்சடிக்கும்.

"எடை?"
"முந்நூற்றுப் பத்து கிராம்."
"கிராமா?"
ஞாயிறுதோறும் புளி நிறுக்கும் தராசில்
ஏற்றி எழுதிவைக்கிறேன்.
முதலில் எடைதான் குறையும்
நோய் அப்புறம்தான் முகம் காட்டும்.

குழந்தைகளின் காய்ச்சல் சொட்டு மருந்தை எடுத்தார்.
வேண்டாம் என்றேன்.
அளவு தெரியாமல் ஒரு சொட்டும் வேண்டாம்,
காலையில் வேப்பேரியில் டாக்டர் சொல்லட்டும்.
அதுவரைக்கும்
ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்று,
ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்சு இரண்டு.

நோயாளி பெயர் அடிக்காமல்
கம்ப்யூட்டர் பில் போடாதாம்.
ஜவ்வரிசி.
வயது ஒன்றரை.
டாக்டர் என்ற இடத்தில் ஒரு கோடு.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் வந்து
எலி மருந்து இருக்கா என்றார்.
மணவாளன் டப்பாவைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"எந்த மருந்து?" என்றார்.

வீட்டில் இன்னும் இருட்டுதான்.
செல்போன் வெளிச்சத்தில்
கடைவாய் ஓரமாக ஒரு சொட்டு,
அவள் நக்கி விழுங்கும்வரை காத்திருந்து
அடுத்த சொட்டு.
எலிக்கு வாந்தி எடுக்கத் தெரியாது
உள்ளே போனது போனதுதான்
அவசரம் ஆகாது.
காதை முதுகில் வைத்துக் கேட்டேன்:
உள்ளே கரகரப்பில்லை
வேகம் மட்டும்.

கொசுவத்தி ஏற்றவில்லை.
அந்தப் புகை அவளுக்கு ஆகாது.
கொசுக்கள் என்னைத் தின்றன.
வெளியே சாக்கடை மூடிக்கு அடியில்
ஒரு பெருச்சாளி எதையோ உருட்டிக்கொண்டிருந்தது.
ஹவுஸ் ஓனர் வைத்த கேக்காக இருக்கலாம்.
அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

நாலே காலுக்கு மின்விசிறி ஒரு முறை முனகிச் சுற்றியது.
சிரிஞ்சு என்று நினைத்து
என் ஆள்காட்டி விரலைக் கடித்தாள்.
நல்ல கடி.
குழாயைத் திறந்து சோப்புப் போட்டு
மணி பார்த்துக் கழுவினேன்,
பதினைந்து நிமிடம்.

வேப்பேரியில் அவளுக்கு ஒரு சீட்டு,
பக்கத்து ஆஸ்பத்திரியில் எனக்கு ஒன்று.