மிக அடி

மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை.
பதினாலு வருஷமாய் அடுத்தவர் தாளை
வெளிச்சத்தில் குப்புறப் போடுகிறவள்.
அதனால் அந்தப் படிவத்தைப் பார்த்ததும்
முதலில் தோன்றியது இதுதான்:
நகலின் நகலின் நகல்,
கடைசிக் கட்டம் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது.

ஒருபோதும் இல்லை. சில சமயம். அடிக்கடி.
மிக அடி
அதோடு தாள் முடிந்தது.

பையனைப் பற்றிய கேள்விக்கு
என் கை பதில் சொல்லப் பார்த்தது.
ஒன்பதாம் வாய்ப்பாட்டு ராத்திரி.
மர ஸ்கேல்.
மூன்றாவது டிபன் பாக்ஸ் தொலைந்த வியாழன்.
ஓரத்தில் பேனாவால் 'க்கடி' என்று எழுதிச் சேர்த்தேன்.
பிறகுதான் டிக் போட முடிந்தது.

ஆறு நாற்பது பஸ்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் நித்திலன்
விளக்குக் கம்பங்களை எண்ணினான்,
பதினேழு வரை. பதினெட்டில் ஒரு கொக்கு.
தவளக்குப்பத்தில் தவளை இருக்கா என்று
கண்டக்டரிடம் கேட்டான்.
அரியாங்குப்பம் தாண்டியும் கேட்டுக்கொண்டிருந்தான்.
ஒண்ணு பஸ்ஸுக்குள்ளயே இருக்கு என்றார் அவர்.
எல்லோரும் சிரித்தார்கள், அவன்தான் அதிகமாக.

லாஸ்பேட்டை. மருந்துக் கடைக்கு மேல் மாடி.
ஷர்மிளா பானு என்று பலகை.
மூன்று மணி நேரம் சாத்திய கதவுக்கு வெளியே
நானும், குமிழ் விடும் தண்ணீர் கேனும்.
உள்ளே அவர் எண்களைச் சொல்கிறார்,
இவன் தலைகீழாய்த் திருப்பிச் சொல்ல வேண்டும்.
ஏழு, இரண்டு, ஒன்பது.
ஒன்பது, இரண்டு,
மிஸ், உங்க கடிகாரம் ஆறு நிமிஷம் முன்னாடி ஓடுது.
ஏழு, ஏழு என்று
வெளியே என் உதடு.

அவன் அப்பா கும்மிடிப்பூண்டியில்
லோடு இறக்கிக்கொண்டே போனில் சொன்னார்:
நானும் சின்னதுல இப்படித்தான். இப்ப லாரி ஓட்டலையா?
ஓட்டுறீங்க என்றேன்.
மூன்று பம்பர் மாற்றியதைச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து அறிக்கை.
பதினோரு பக்கம். தடித்த, நல்ல தாள்.
நாலாம் பக்கத்தில் தொண்ணூற்றாறு என்று இருந்தது.
நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால்,
என்று அவர் விளக்கத் தொடங்க
ஒரு நொடி, ஒரே ஒரு நொடி
என் பிள்ளை முன்னால் நிற்கிறான் என்று
நெஞ்சு பொங்கிவிட்டது.
எதில் முன்னால் என்பது
அடுத்த வாக்கியத்தில் வந்தது.

அதற்கு ஒரு பேர் இருக்கிறது.
சோம்பேறித்தனம் இல்லை என்றார்.
திமிர் இல்லை என்றார்.
வேணும்னே செய்றது இல்லைம்மா என்றார்.
நான் அவனைத் திட்டிய சொற்களையெல்லாம்
இவருக்கு யார் சொன்னது?

திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்.
புதுச்சேரியிலிருந்து வருகிற பை எல்லாவற்றிலும்
பாட்டில் இருக்கும் என்பது சட்டத்தின் சந்தேகம்.
பெண் காவலர் என் பைக்குள் கைவிட்டு
ஃபைலை வெளியே இழுத்தார்.
என்னம்மா இது?
நான் வாய் திறப்பதற்குள்
அது நான்தான், என்றான் நித்திலன்,
ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே.
அவர் இரண்டு வரி படித்திருப்பார்.
மடங்காமல் உள்ளே வைத்து
ஜிப்பையும் அவரே இழுத்து மூடினார்.

பள்ளிக்கு ஒரு செட் வேண்டும். கடையைத் திறந்தேன்.
நான் பின்னைக் கழற்றுவதற்குள்
கண்ணாடிமேல் கையை வைத்து
பச்சைப் பட்டனை அழுத்திவிட்டான்.
வெளிச்சம் கடப்பதற்குள் எடுத்தும்விட்டான்.
தாளில் வந்தவை எட்டோ ஒன்பதோ விரல்கள்,
இழுபட்டு, புகை மாதிரி.

என் கை எழுந்தது.
அவன் தோளைச் சுருக்கினான்.
எழுந்த கை
மெஷின் மூடியைப் பிடித்துக்கொண்டது.

இன்னொரு தடவை வைக்கட்டுமா என்றான்,
சுருக்கிய தோளைத் தளர்த்தாமலே.

வை.