இன்று பார்த்தது

சேர்ந்த மூன்றாம் நாள்
தலைமையாசிரியை ஒரு சாவியைக் கொடுத்தார்.
"புதுசா வர்றவங்களுக்குத்தான் மன்றம்.
போன வருஷம் சசிரேகா பாத்தாங்க, அதுக்கு முன்னாடி யாரோ."

பெற்றோர் ஆசிரியர் கழகம் சம்பளம் தரும்
தற்காலிக உதவியாளர் நான்.
வினாடி வினா, பசுமைப் படை, வானியல்.
மூன்றுக்கும் அதே வியாழன், அதே கடைசிப் பாடவேளை,
அதே நான்.

பீரோவுக்குள்
செத்த கரப்பான்கள், சாயம் போன கொடி,
பிரிக்காத பெட்டியில் ஒரு தொலைநோக்கி.
முக்காலியின் ஒரு காலுக்குத் திருகாணி இல்லை.
பிரிட்டோ தன் சைக்கிளில் ஒன்றைக் கழற்றி வந்தான்.
அன்று அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டே வீடு போனது
எனக்கு மறுநாள்தான் தெரியும்.

வினாடி வினாவில் முதலில் தோற்றது நான்.
"பாமணியாறு எங்க பிரியுது டீச்சர்?"
விழித்தேன்.
"இதோ இங்கதான், மூணாறு தலைப்புல.
நாங்க குதிச்சுக் குளிக்கிற இடம்."
புத்தகத்தை மூடி
பதில் சொன்ன சாபிராவிடமே
கேள்வி கேட்கும் வேலையைக் கொடுத்தேன்.

பசுமைப் படை நட்ட பதினொரு புங்கங்கன்றில்
ஒன்பதை ஆடு தின்றது.
யாருடைய ஆடு என்று எல்லோருக்கும் தெரியும்.
யாரும் சொல்லவில்லை.

வானியல்தான் வாய்க்கவில்லை.
ஐப்பசி.
வியாழன்தோறும் மேகம்.
பாதிப் பேர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.
"கேட்டுப் போட்டுட்டாங்க டீச்சர்."
நீடாமங்கலத்தில் இதற்கு மேல் விசாரணை கிடையாது.

வானம் தராததை
மாடியிலிருந்து ஊரில் தேடினோம்.
கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணினார்கள்:
நாற்பத்திரண்டு, இல்லை, நாற்பத்தொன்று, சண்டை.
தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்த கொக்கின் கண்
மஞ்சள் என்று கண்டுபிடித்தார்கள்.

அன்றுதான் தையல்நாயகி வரிசைக்கு வந்தாள்.
பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிற பிள்ளை.
குழலைத் திருப்பினாள்,
கொக்கைத் தாண்டி, கேட்டைத் தாண்டி,
கொள்முதல் நிலையத்துக்கு.
நெடுநேரம் எடுக்கவில்லை கண்ணை.
பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.
"என்னடி தெரியுது?"
"அப்பா."
பிறகு,
"தலைகீழா நிக்கிறாரு."

"லென்ஸ் அப்டித்தான் கவுத்துக் காட்டும்,"
ரிஃபாய் உடனே சொன்னான்.
சரியான விடை.
யாரும் கைதட்டவில்லை.

நானும் பார்த்தேன்.
கீழே வானம், சாம்பலாய்.
மேலே தார்ப்பாய், மூட்டைகள்,
முளை விட்டதோ என்று
ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்கும் ஆள்.
அள்ளிக் கொட்டினார்.
நெல் மேல்நோக்கி விழுந்தது.

"எத்தனை நாளாச்சு?"
"பதினோராவது நாள்."
சாபிரா, வேலையை மறக்காதவள், கேட்டுவிட்டாள்:
"ஈரப்பதம் எவ்வளவு வரைக்கும் எடுப்பாங்க?"
மொத்த மாடியும் ஒரே குரலில்,
"பதினேழு!"
"கமிட்டி வந்து பாத்தா இருபத்திரண்டு ஆக்குவாங்க,"
கடைசியிலிருந்து ஒருவன்.
மூன்று மன்றங்களிலும்
எல்லோருக்கும் விடை தெரிந்த ஒரே கேள்வி.

தூற்றல் விழுந்தது.
சட்டையைக் கழற்றித் தொலைநோக்கியை மூடினான் பிரிட்டோ.
தையல்நாயகி கைப்பிடிச் சுவரோரம் நின்றாள்.
வெறுங்கண்ணுக்கு அங்கே
ஒரு நீலத் தார்ப்பாய் மட்டும்.
அது இழுத்து மூடப்படும்வரை பார்த்தாள்.
நான் குடையை நீட்டினேன்.
வாங்கவில்லை.

அடுத்த வாரம் கேட்டில் நாங்கள் நின்றபோது
பெட்டி பெட்டியாக மூட்டைகள் போயின.
"இதுல எங்களது எது டீச்சர்?"
என்னிடம் அவள் பேசிய முதல் முழு வாக்கியம்.
கடைசிப் பெட்டி போனது.
கேட் தூக்கினார்கள்.
பின்னாலிருந்த பேருந்து ஹாரன் அடித்தது.

மன்றப் பதிவேட்டில்
'இன்று பார்த்தது' என்ற கட்டத்தில்
மேகமூட்டம் என்று எழுதி,
அடித்து,
நெல் என்று எழுதினேன்.
தலைமையாசிரியை பச்சை மையில் கையெழுத்திட்டு
நிமிராமல் கேட்டார்,
"செலவு ஏதும் உண்டா?"

உண்டு.
சைக்கிள் திருகாணி ஒன்று,
மூன்று ரூபாய்.