ஒரு

கருங்கல் தாண்டி அந்த அண்டியாபீசில்
எதிரெதிரே உட்கார்ந்து
சுட்ட அண்டியைத் தட்டி உடைத்தபடி
கடவுளுக்காக நாம் சண்டையிட்டோம், டெல்பின்,
ஏழு மாதம்.

"யேசு தேவனில்ல எக்கா.
தேவனுக்க முதல் படைப்பு.
தூதம்மாருக்கெல்லாம் தலைவன், மிகாவேல்.
அவருதான் இவரு."
மார்த்தாண்டத்து மாடியறையில் படித்ததை
தட்டுகிற தாளத்திலேயே சொன்னாய்.

"அப்ப நாம இத்தற காலம்
முட்டுக்குத்தி நின்னது
ஒரு வேலைக்காரன் முன்னாலயா பிள்ளே?"

நீ கட்டையைக் கீழே வைத்தாய்.
"வேலைக்காரன்னா கொறச்சலா?
நாம ஆரு?"

பக்கத்துக் கல்லில் பிரிஜித்தம்மாள் சிரித்துவிட்டாள்.
கடற்கரைக்காரி.
அவளுடைய மிக்கேலுக்குச் சப்பரம் உண்டு,
வாள் உண்டு, காலடியில் சாத்தான் உண்டு.
"எங்க ஆளை நீங்க ரெண்டுபேரும் விட்டிருங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து
என் வேதப்புத்தகத்தைத் திறந்து
வார்த்தை தேவனாக இருந்த இடத்தில்
பென்சிலால் ஒரு 'ஒரு' எழுதினாய்.
தேவனுக்கு முன்னால், இடுக்கில்,
கிரேக்கத்தில் அப்படித்தானாம்.

நீ போனபின் மகனின் அழிரப்பரை எடுத்தேன்.
இத்தனை ரப்பர் விளையும் ஊரில்
அந்த ஒரு சொல் அழியவில்லை.
வெங்காயத் தொலி போன்ற தாள்.
கிழிந்துவிட்டது.

கிழிந்தபிறகுதான் யோசித்தேன்:
ஒரு சாயா என்கிறோம், ஒரு பஸ் என்கிறோம்,
ஏதோ ஒன்று என்றும் அதற்குப் பொருள்;
ஒன்றே ஒன்று என்றும் பொருள்.
நீ எழுதியதை நான் சத்தமாக வாசித்திருந்தால்
எதில் அழுத்தியிருப்பேன்?
உனக்கு இதைச் சொல்லவில்லை. ஜெயித்ததாக எடுத்துக்கொள்வாய்.

துலாமாதம் தடிலாரி கவிழ்ந்து
உன் ரசலையன் போனான்.
கமிட்டி கூடியது.
பேர் வெட்டின குடும்பத்துக்குக் கல்லறைத் தோட்டத்தில்
இடமில்லை என்று சொல்ல
நாலுபேர் வந்தார்கள், குடையோடு.
அதில் ஒருவர் என் ஞானத்தகப்பன்.

என்னிடம் இருப்பது ஆறு செண்டு.
கிணற்றுக்குப் பின்னால் அயனிமரத்தடியில்
அடி வைத்து அளந்தேன்.
உன் ஆட்கள் தேய்த்த சட்டையில் வந்தார்கள்.
அரைமணி நேரம் பேசினார்கள். அழவில்லை.
என் ஆட்கள் ரோட்டில் நின்றார்கள்,
வேலிக்கு அந்தப் பக்கம்,
மழையில் நனைந்து, போகவும் இல்லை.

ராத்திரி நீ சொன்னாய்,
"அவருக்கு ஒண்ணும் தெரியாது எக்கா.
ஒறங்குதாரு. கூப்பிடும்போ எழும்புவாரு."
ஆரு கூப்பிடுவாரு என்று கேட்க
நாக்குவரை வந்தது.
கேட்கவில்லை.
இன்னொன்றும் நாக்கில் இருந்தது:
அந்தக் காலையில் கல்லைப் புரட்டி
அதன்மேல் உட்கார்ந்திருந்தது தூதன்.
இங்கே இல்லை என்று சொன்னதும் தூதன்.
அப்படியானால்
இல்லாமல் போனது யார், டெல்பின்?

நல்ல கேள்வி. பத்திரமாக வைத்திருக்கிறேன்.
உன் மண் ஈரம் காயட்டும்.

பத்தாம் நாள் வேலைக்கு வந்தாய்.
எடைபோடுகிறவன் வழக்கம்போல
முழுப்பருப்பைத் தனியாக, பிளவைத் தனியாக நிறுத்தான்.
உன் தட்டில் பாதிக்குமேல் பிளவு.
என் தட்டிலிருந்து ஒரு பிடி முழுசை
நான் அள்ளிப் போட்டதை நீ பார்த்தாய்.
பிரிஜித்தம்மாளும் பார்த்தாள்.
"மிகாவேலுதான்" என்றாய் நீ, தலை நிமிராமல்.
"இல்ல" என்றேன்.
தட்டத் தொடங்கினோம்.

இரவில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன்.
நீ எழுதிய சொல்லும் இல்லை,
அதன் கீழிருந்த தாளும் இல்லை.
ஓட்டை வழியாக
அடுத்த பக்கத்து எழுத்து ஒன்று எட்டிப் பார்க்கிறது,
ஒற்றைக் கொம்பு மட்டும்.
எந்தச் சொல்லின் கொம்பு என்று
தாளைப் புரட்டினால் தெரிந்துவிடும்.
புரட்டாமல்
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.