ஐந்து மில்லிமீட்டர்

பாசிர் பாஞ்சாங்கில் கிரேன் ஓட்டுகிறேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு,
கழிவறை தரையில்.
அதனால் பதினோரு வருடமாக
தண்ணீர் பாட்டிலை
உதடு நனைக்க மட்டும் திறந்தேன்.

ஒரு செவ்வாய், விடியற்காலை மூன்றேகால்,
இடது விலாவுக்குக் கீழே
அந்தக் கணக்கு வந்து நின்றது.
முப்பது டன் பெட்டியை
அலுங்காமல் இறக்கி வைக்கிறவன்
டாக்சியின் பின்னிருக்கையில்
இறாலாகச் சுருண்டு கிடந்தேன்.

முதலில் எக்ஸ்ரே.
"தாஹான் நஃபாஸ், பாக்சிக்" என்றாள் நூர்ஹயாத்தி.
பிடிக்கச் சொல்லுமுன்பே
மூச்சு என்னிடம் இல்லை.
படத்தில் முதுகெலும்பு தெரிந்தது,
சாப்பிட்ட பரோட்டாவின் காற்று தெரிந்தது.
கல் இல்லை.

"இல்லை என்று இது சொன்னால்
பாதிதான் நம்பலாம்" என்றார் டாக்டர் பத்மலோசனி.
"யூரிக் அமிலக் கல் என்றால்
இந்தக் கதிர் அதைக் காணாமலே கடந்துவிடும்."

அடுத்தது அல்ட்ராசவுண்ட்.
வயிற்றில் குளிர்ந்த கூழ்.
திரையில் டிசம்பர் மழை,
வைப்பர் இல்லாத கண்ணாடி.
ஹுவே மின் அந்த மழைக்குள் துழாவினாள்.
சிறுநீரகம் வீங்கியிருக்கிறது,
கீழே எங்கோ அடைப்பு,
நடுவழியைக் குடல்காற்று மறைக்கிறது.
"மூத்திரப்பை நிறைந்திருந்தால்
கடைசி முனையையாவது பார்த்திருப்பேன்."
நிறைய வைக்கத் தெரிந்தவனா நான்?

பக்கத்துத் திரைச்சீலைக்குப் பின்னால்
ஏழு மாத வயிற்றோடு ஒருத்திக்கும் இதே வலி.
அவளுக்கு இந்த மழைப்படத்தோடு நிறுத்தினார்கள்.
மற்றதைக்
குழந்தையிடம் கேட்டா எடுக்க முடியும்?

கடைசியில் சிடி.
வளையத்துக்குள் போய் வெளியே வந்தேன்,
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
என்னைச் சீவல் சீவலாக அரிந்து
மறுபடி அடுக்கிக் காட்டினார்கள்.
அதோ,
மூத்திரப்பையின் வாசலில்
ஐந்து மில்லிமீட்டர்,
துறையில் இடம் கிடைக்காமல்
கடலில் நங்கூரமிட்ட கப்பல் மாதிரி.

"எண் நானூறுக்குள். மென்மையான கல்,
மருந்துக்கு இறங்கி வரும்" என்றார் டாக்டர்.

"முதலிலேயே இதில் போட்டிருக்கலாமே?"

"கதிர் கூடுதல். கல்லுக்கென்று குறைத்துத்தான் வைக்கிறோம்,
இருந்தாலும்...
உங்கள் துறைமுகத்தில்
எல்லாப் பெட்டியையும் உடைத்தா பார்க்கிறீர்கள்?"

நான் பதில் சொல்லவில்லை.
ஊசி வேலை செய்ய ஆரம்பித்திருந்தது.

ஒன்பதாம் நாள்
டீ வடிகட்டியில் 'டிக்'.
(புது வடிகட்டிதான். மனைவி இன்னும் நம்பவில்லை.)
விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.
வெல்லத் துணுக்கின் நிறம்.
மூன்று கருவியும்
நிறத்தைச் சொல்லவே இல்லை.

இப்போது ஒரு ஷிப்டுக்கு இரண்டு முறை இறங்குகிறேன்.
லிஃப்ட் மெதுவாகத்தான் வரும்.
கீழே சூப்பர்வைசர் கடிகாரம் பார்க்கிறார்.
பார்க்கட்டும்.